ஆட்டோ ஸ்கேலிங் சர்வரைக் குறைக்கும்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் லாக்அவுட் ஆகிறார்கள்: பிஎச்பி செஷனை எங்கே வைப்பது?

நிரல்குருவி (கேள்வி)

வணக்கம். பிஎச்பி 8.1-இல் எழுதிய துணிக்கடைத் தளம் ஒன்று ஏடபிள்யூஎஸ் மும்பை மண்டலத்தில் ஓடுகிறது. முன்னால் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் அப்ளிகேஷன் லோடு பேலன்சர், அதன் பின்னால் உபுண்டு 22.04, என்ஜின்எக்ஸ், பிஎச்பி கோடை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம். கூட்டத்துக்கு ஏற்பச் சர்வர்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங்கில் குறைந்தது 2 சர்வர், அதிகபட்சம் 6. செஷன் கோப்புகள் (யார் லாக்இன் செய்திருக்கிறார், கூடையில் என்ன என்ற குறிப்புகள்) அந்தந்த சர்வரின் வட்டிலேயே, வழக்கமான /வார்/லிப்/பிஎச்பி/செஷன்ஸ் அடைவில் இருக்கின்றன. ஒருவர் எப்போதும் ஒரே சர்வருக்குப் போகும்படி லோடு பேலன்சரில் ஸ்டிக்கி செஷனை 1 நாளுக்கு வைத்திருக்கிறோம்.

இரண்டு தொல்லைகள். சாயங்காலக் கூட்டம் ஓய்ந்து, இரவில் சர்வர்கள் குறையும்போது ஒரு கூட்டம் பேர் மொத்தமாக லாக்அவுட் ஆகிறார்கள், கூடையில் போட்டதும் போய்விடுகிறது. இதற்குக் காரணம் புரிகிறது, சர்வரோடு அதன் வட்டில் இருந்த செஷன் கோப்புகளும் போய்விடுகின்றன. இரண்டாவதுதான் புரியவில்லை. செஷன் 4 மணி நேரம் இருக்க வேண்டும் என்று கோடிலேயே ஐஎன்ஐ_செட் வழியாக ஜிசி_மேக்ஸ்லைஃப்டைமை (செஷனின் ஆயுள், நொடியில்) 14400 என்று வைத்திருக்கிறோம். ஆனாலும் தளத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் சில நேரம் அரை மணியில், சில நேரம் முக்கால் மணியில் செஷன் காணாமல் போகிறது.

உச்ச நேரத்தில் மணிக்கு ஏறத்தாழ 5,000 புதிய செஷன் உருவாகிறது. ஒரு செஷன் கோப்பு சராசரி 6 கேபி. இஎஃப்எஸ் (சர்வர்கள் பகிரும் கோப்புச் சேமிப்பு), ஆர்டிஎஸ் மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்), டைனமோடிபி (ஏடபிள்யூஎஸ் பராமரிக்கும் சாவி-மதிப்பு டேட்டாபேஸ்), எலாஸ்டிகேச் ரெடிஸ் (நினைவகத்திலேயே வைக்கும் சேமிப்பு) என்று நாலு வழி சொல்கிறார்கள். எதற்கு மாறுவது, மாறும்போது எதில் இடறுவோம்?

---

வடக்குவாசல்

முதலில் அந்த இரண்டாவது புதிர். உபுண்டுவிலும் டெபியனிலும் பழைய செஷன்களைத் துடைக்கும் வேலையை பிஎச்பி செய்வதில்லை. அங்கே ஜிசி_ப்ராபபிலிட்டி (பிஎச்பி தானே துடைக்கும் வாய்ப்பு) 0. அதற்குப் பதில் சிஸ்டம்டியின் ‘பிஎச்பிசெஷன்கிளீன்’ டைமர் ஒவ்வொரு மணியிலும் 09-ஆம், 39-ஆம் நிமிடங்களில் எழுந்து, காலாவதியான கோப்புகளை அழிக்கிறது. காலாவதி எவ்வளவு என்பதை அது பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் பார்க்கிறது. உங்கள் கோடில் இருக்கும் ஐஎன்ஐ_செட் அதன் கண்ணில் படவே படாது. பிஎச்பி.ஐஎன்ஐயில் இருப்பது 1440 நொடி, அதாவது 24 நிமிடம். அதோடு டைமர் வரும்வரை அதிகபட்சம் 30 நிமிடம். ஆக, 24 முதல் 54 நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகும். நீங்கள் சொல்லும் அரை மணி, முக்கால் மணி இதுதான். ரெடிஸுக்கு மாறும் வரைக்கும் எஃப்பிஎம்மின் பிஎச்பி.ஐஎன்ஐயில் 14400 என்று எழுதுங்கள், இந்தத் தொல்லை இன்றைக்கே நிற்கும்.

இப்போது இடம் எது என்ற கேள்வி. உங்கள் அளவுக்கு ரெடிஸ் என்பேன். இஎஃப்எஸ் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் வலைப்பின்னல் வழியே ஒரு கோப்பைத் திறந்து, பூட்டி, எழுதி மூட வேண்டும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் துழாவித் துடைப்பது அதைவிட மெதுவாக நடக்கும். மைஎஸ்க்யூஎல் கெட்ட தேர்வல்ல. ஆனால் ஆர்டர் எழுதும் அதே டேட்டாபேஸில் பக்கத்துக்கு ஒரு படிப்பும் ஒரு எழுத்தும் கூடும், கூட்ட நேரத்தில் அந்தச் சுமை ஆர்டரைத்தான் அடிக்கும்.

நினைவகக் கணக்கு எளிது. மணிக்கு 5,000, ஆயுள் 4 மணி, ஆக ஒரே நேரத்தில் 20,000 செஷன். 6 கேபி வீதம் 120 எம்பி, மேல்செலவு சேர்த்து 150 எம்பி என்று வையுங்கள். எலாஸ்டிகேச் தன் சொந்த வேலைக்கு 25 சதவீதத்தை ஒதுக்கிக்கொள்ளும். அரை ஜிபி உள்ள டி4ஜி மைக்ரோவிலேயே இது அடங்கும். ஆனால் தேடுபொறி பாட்களைக் கணக்கில் சேருங்கள். அவை செஷன் எண்ணைத் தாங்கும் குக்கீயைத் திருப்பி அனுப்புவதில்லை, எனவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புதிய செஷன். 50,000 பக்கத்தை ஒரு பாட் மேய்ந்தால் 50,000 செஷன், ஒவ்வொன்றும் 4 மணி நேரம் உட்கார்ந்திருக்கும். லாக்இன் செய்யாதவர், கூடையில் எதுவும் போடாதவர் என்றால் செஷனையே தொடங்காதீர்கள். இதை மட்டும் செய்தால் பாதிச் சுமை குறையும் தளங்கள் நிறைய உண்டு.

பிஎச்பி-ரெடிஸ் நீட்சியை நிறுவி, பிஎச்பி.ஐஎன்ஐயில் சேவ்_ஹேண்ட்லருக்கு ‘ரெடிஸ்’ என்று கொடுங்கள். சேவ்_பாத்தில் முகவரி, போர்ட் 6379, அதோடு ‘டைம்அவுட்=2’. இந்த டைம்அவுட்டை விட்டுவிடாதீர்கள். நீட்சியின் இயல்பு மதிப்பு 86400 நொடி, ஒரு முழு நாள். ரெடிஸ் எட்டாமல் போனால் எஃப்பிஎம் வேலையாட்கள் (கோரிக்கைகளைக் கையாளும் ப்ராசஸ்கள்) ஒவ்வொருவராகக் காத்துக்கிடந்து தளம் முழுக்க உறைந்துவிடும். வேறு இயங்குதளத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெட்ஹேட் வழிவந்தவற்றில் எஃப்பிஎம்மின் டபிள்யூடபிள்யூடபிள்யூ.கான்ஃபில் செஷன் ‘ஃபைல்ஸ்’ என்றே எழுதியிருக்கும். அது பிஎச்பி.ஐஎன்ஐயை மீறும். ஐஎன்ஐயை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது.

எலாஸ்டிகேச்சில் மும்பையிலேயே இன்னொரு அவைலபிலிட்டி ஸோனில் (தனி டேட்டாசென்டர் தொகுதி) ஒரு ரெப்ளிக்கா, அதாவது நகல், வைத்து, மல்டி-ஏஇசட் தானியங்கி மாற்றத்தை இயக்குங்கள். பிஎச்பிக்குக் கொடுக்க வேண்டியது பிரைமரி எண்ட்பாயிண்ட், அப்போதைய தலைமை நோடையே எப்போதும் காட்டும் முகவரி. தனி நோடின் முகவரியைக் கொடுத்தால் மாற்றம் நடந்த அன்று பழைய நோடையே தட்டிக்கொண்டிருக்கும். ரீடர் எண்ட்பாயிண்ட் செஷனுக்கு ஆகவே ஆகாது. நகல் ஒரு கணம் பின்தங்கும், லாக்இன் செய்து அடுத்த பக்கம் போனவரை ‘யார் நீ’ என்று கேட்கும். செக்யூரிட்டி குரூப்பில் 6379 போர்ட்டை வெப் சர்வர்களின் குரூப்புக்கு மட்டும் திறந்தால் போதும்.

இன்னொன்று, நினைவகம் நிரம்பினால் என்ன நடக்கும் என்பது. எலாஸ்டிகேச்சின் இயல்புக் கொள்கை ‘வொலட்டைல்-எல்ஆர்யூ’, அதாவது காலாவதி நேரம் உள்ள சாவிகளில் நெடுநாள் தொடாததைத் தூக்கி எறி. செஷன்கள் எல்லாவற்றுக்கும் காலாவதி உண்டு. ஆகவே அதே ரெடிஸில் பக்கக் கேச்சையும் போட்டு நிரப்பினால், பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் வாடிக்கையாளர்கள் வெளியே விழுவார்கள். செஷனுக்கென்று தனி ரெடிஸ் வையுங்கள். எவிக்‌ஷன்ஸ் (தூக்கி எறிந்த சாவிகள்) அளவீடு 0-க்கு மேல் போனால் அலாரம், நினைவகப் பயன்பாடு 75 சதவீதம் தாண்டினால் இன்னொரு அலாரம்.

---

நிரல்குருவி

நன்றி. ஐஎன்ஐயில் 14400 போட்டதும் அரை மணி லாக்அவுட் நின்றுவிட்டது. சோதனைச் சூழலில் ரெடிஸுக்கும் மாறிப் பார்த்தோம். சர்வரை அணைத்தாலும் லாக்இன் நிற்கிறது. ஆனால் புதிதாக ஒன்று: கூடையில் வேகமாக இரண்டு பொருளைச் சேர்த்தால் சில நேரம் ஒன்று மட்டுமே நிற்கிறது. கோப்பில் இருந்தவரை இப்படி ஆனதில்லை. இன்னொன்று பழைய புகார். பேமென்ட் கேட்வேயில் பணம் கட்டித் திரும்பி வரும் சிலர் லாக்அவுட் ஆகியிருக்கிறார்கள். சோதனை செய்பவர்களுக்கு ஒருமுறைகூட வருவதில்லை. இதுவும் செஷன் சேமிப்பிடத்தால்தானா?

---

பூட்டுச்சாவி

கூடைப் பிரச்சினைக்கு மட்டும் சொல்கிறேன்.

பிஎச்பி செஷனைத் துண்டு துண்டாக எழுதுவதில்லை. தொடக்கத்தில் முழுசாகப் படிக்கும், முடிவில் முழுசாக எழுதும். கோப்பில் வைத்திருந்தபோது செஷன்_ஸ்டார்ட் அந்தக் கோப்பைப் பூட்டிவிடும். அதே ஆளின் இரண்டாவது கோரிக்கை முதலாவது முடியும்வரை வாசலில் நிற்கும். ரெடிஸ் நீட்சியில் பூட்டு உண்டு, ஆனால் இயல்பில் அணைந்திருக்கிறது. இப்போது இரண்டு கோரிக்கையும் ஒரே கூடையைப் படிக்கின்றன. ஒன்று சேலையைச் சேர்த்து எழுதுகிறது, மற்றது வேட்டியைச் சேர்த்து அதன் மேலேயே எழுதுகிறது. கடைசியாக எழுதியவர் வென்றார், சேலை போயிற்று. கூடையைத் தொடாத கோரிக்கைகூட இதைச் செய்யும். ‘கடைசியாகப் பார்த்தவை’ பட்டியலைப் புதுப்பிக்கும் ஒரு அஜாக்ஸ் அழைப்பு போதும்.

பூட்டை இயக்க ‘ரெடிஸ்.செஷன்.லாக்கிங்_எனேபிள்ட் = 1’. மற்ற மூன்றையும் இயல்புக்கு விடாமல் நீங்களே எழுதுங்கள், அந்த இயல்பு மதிப்புகள் நீட்சியின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. லாக்_வெயிட்_டைம் 20000 (இது மைக்ரோநொடி, அதாவது 20 மில்லிநொடி), லாக்_ரீட்ரைஸ் 500, லாக்_எக்ஸ்பயர் 60 நொடி. 20 மில்லிநொடிக்கு 500 முறை என்றால் ஒரு கோரிக்கை அதிகபட்சம் 10 நொடி காத்திருக்கும். அதற்கும் கிடைக்காவிட்டால் பூட்டு கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை எரர் லாகில் விழும். அதைத் தேடிப் பாருங்கள், எந்தப் பக்கம் பூட்டுக்காகக் காத்து நின்றது என்று அங்கே தெரியும். லாக்_எக்ஸ்பயர் உங்கள் மிக நீண்ட கோரிக்கையைவிடப் பெரிதாக இருக்கட்டும். நடுவில் பூட்டு காலாவதியானால் நீட்சி கடைசியில் எழுத மறுத்துவிடும், அந்தக் கோரிக்கையின் மாற்றங்கள் எல்லாம் வீண்.

பூட்டை இயக்கியதோடு விட்டால் வேறு வலி தொடங்கும். எஃப்பிஎம்மில் மேக்ஸ்_சில்ட்ரன் (வேலையாட்களின் உச்ச எண்ணிக்கை) 40 என்று வையுங்கள். 8 நொடி எடுக்கும் ஒரு பக்கத்தை ஒரே ஆள் 6 டேபில் திறந்தால், ஒரு வேலையாள் வேலை செய்வார், ஐந்து பேர் பூட்டுக்காகச் சும்மா நிற்பார்கள். அதனால் பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தைச் சுருக்க வேண்டும். செஷனைப் படிக்க மட்டும் செய்யும் பக்கங்களில் செஷன்_ஸ்டார்ட்டுக்கு ‘ரீட்_அண்ட்_க்ளோஸ்’ கொடுங்கள், படித்த உடனே விட்டுவிடும். எழுதும் பக்கங்களில் எழுதி முடித்ததும் செஷன்_ரைட்_க்ளோஸ். குறிப்பாக எஸ்எம்எஸ், கூரியர், கேட்வே என்று வெளியே எதையாவது கூப்பிடும் முன்பு. வெளியார் சர்வர் 15 நொடி இழுத்தடித்தால் உங்கள் பூட்டும் 15 நொடி நிற்கும்.

ஆனாலும், கூடை ஏன் செஷனில் இருக்கிறது? அதை ஒரு டேபிளுக்கு மாற்றினால் ஒவ்வொரு பொருளும் ஒரு வரிசை, இரண்டு சேர்ப்பும் ஒன்றையொன்று மிதிக்காது, பூட்டின் தேவையே பெருமளவு போய்விடும். ஆள் போனில் லாக்இன் செய்தாலும் அதே கூடை தெரியும். செஷனில் பயனர் எண், சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை நம் பக்கத்திலிருந்தே வந்ததா என்று சோதிக்கும் குறி), மொழி, இவ்வளவு போதும்.

---

கடலோரச்_சர்வர்

கேட்வேயிலிருந்து திரும்புகிறவர்களின் லாக்அவுட்டுக்கும் ரெடிஸுக்கும் தொடர்பு இல்லை. அது குக்கீயின் ‘சேம்சைட்’ விவகாரம், அதாவது வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீ போகலாமா என்று சொல்லும் குறிப்பு.

2020-இல் வந்த குரோம் 80 முதல், சேம்சைட் குறிப்பிடாத குக்கீயை ‘லாக்ஸ்’ என்றே குரோம் எடுத்துக்கொள்கிறது. பிஎச்பி தானாக அந்தக் குறிப்பைப் போடுவதில்லை. லாக்ஸ் குக்கீ வேறு தளத்திலிருந்து வரும் கெட் வழிசெலுத்தலில் (லிங்க்கைத் திறப்பது போல) கூடவே வரும், போஸ்ட்டில் (படிவம் அனுப்புவது போல) வராது. உங்கள் கேட்வே முடிவை உலாவி வழியாக போஸ்ட் செய்கிறது என்று நினைக்கிறேன், பல கேட்வேக்களின் முறை அதுதான்.

சோதிப்பவர்களுக்கு ஏன் வரவில்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. சேம்சைட் குறிப்பிடாத குக்கீ உருவாகி 2 நிமிடத்துக்குள் இருந்தால் போஸ்ட்டிலும் அதை அனுப்ப குரோம் விடுகிறது. சோதிப்பவர் புதிதாக லாக்இன் செய்து, சட்டென்று பணம் கட்டி, ஒன்றரை நிமிடத்தில் திரும்பிவிடுவார். கால் மணி நேரம் சேலை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உண்மையான வாடிக்கையாளர்தான் மாட்டுவார். லாக்இன் செய்து 5 நிமிடம் கழித்துப் பணம் கட்டிப் பாருங்கள், உங்கள் மேசையிலேயே வரும்.

அதன் பிறகு நடப்பதுதான் பெரிய சேதம். குக்கீ இல்லாமல் வந்த கோரிக்கையில் உங்கள் பக்கம் செஷன்_ஸ்டார்ட்டைக் கூப்பிடுகிறது. பிஎச்பி புது ஆள் என்று நினைத்துப் புதிய எண்ணோடு குக்கீ தருகிறது. அது நல்ல நிலையில் இருந்த பழைய குக்கீயின் மேல் எழுதிவிடுகிறது. செஷன் ரெடிஸில் பத்திரமாகத்தான் இருக்கும், அதன் சாவிதான் தொலைந்துபோகும்.

திருத்தம் இப்படி. திரும்பி வரும் பக்கத்தில் செஷனைத் தொடங்கவே தொடங்காதீர்கள். கேட்வேயின் கையொப்பத்தைச் சரிபாருங்கள், ஆர்டர் எண்ணை வைத்து டேபிளில் நிலையை மாற்றுங்கள், உடனே 303 (வேறு பக்கத்தைத் திற என்ற பதில்) கொடுத்து ‘ஆர்டர் முடிந்தது’ பக்கத்துக்கு அனுப்புங்கள். 303 என்பதால் அடுத்தது கெட், லாக்ஸ் குக்கீ கூடவே வரும், ஆள் லாக்இன் ஆனபடியே இருப்பார். ‘ஸ்ட்ரிக்ட்’ வைத்தால் அங்கேயும் வராது, ஆகவே குக்கீ_சேம்சைட் ‘லாக்ஸ்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். குக்கீ_செக்யூர், குக்கீ_எச்டிடிபிஒன்லி, யூஸ்_ஸ்ட்ரிக்ட்_மோட் மூன்றும் 1. ‘சேம்சைட்=நன்’ போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், எல்லாப் பக்கங்களுக்கும் வெளித்தளப் போஸ்ட்டைத் திறந்துவிடும் வேலை அது. இன்னொன்று: பணம் வந்ததா என்பதற்கு உலாவி திரும்பி வருவதை நம்பாதீர்கள். கேட்வே சர்வர் நேரடியாக உங்கள் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹுக்தான் சாட்சி. பணம் கட்டியதும் போனை மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

---

மெல்லியகாற்று

டைனமோடிபியை யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன். ரெடிஸ் நோடைப் பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் அது நல்ல வழி, ஆனால் செஷன் சிறிதாக இருந்தால் மட்டும். எழுதுவதற்கு 1 கேபிக்கு ஒரு யூனிட் (கட்டணம் கணக்கிடும் அளவு), உறுதியான படிப்புக்கு 4 கேபிக்கு ஒரு யூனிட். உங்கள் 6 கேபி செஷனுக்கு ஒவ்வொரு எழுத்தும் 6 யூனிட், ஒவ்வொரு படிப்பும் 2 யூனிட். பூட்டுச்சாவி சொன்னபடி கூடையை வெளியே எடுத்து 1 கேபிக்குள் சுருக்கினால் இரண்டும் ஒன்றொன்றாகும். இங்கே ஏமாறும் இடம் டிடிஎல், அதாவது காலாவதி நேரம். காலாவதியான வரிசையை டைனமோடிபி அந்த நொடியில் அழிப்பதில்லை, சில நாள்கூட ஆகலாம். ஆகவே படிக்கும்போது நேரத்தை நீங்களே ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நேற்று முடிந்த செஷன் இன்றைக்கும் உயிரோடு இருக்கும். ஏடபிள்யூஎஸ்ஸின் பிஎச்பி எஸ்டிகேயில் உள்ள செஷன் ஹேண்ட்லரிலும் பூட்டு இயல்பில் அணைந்தே இருக்கிறது.

வேறொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். முன்னால் கிளவுட்ஃபிரண்ட் (ஏடபிள்யூஎஸ்ஸின் கேச் வலையமைப்பு) வைக்கும் எண்ணம் இருந்தால், குக்கீயைத் தரும் பதில் கேச்சில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் ஒருவரின் செஷன் எண் அடுத்து வரும் அத்தனை பேருக்கும் போகும். ஒருவர் கணக்கில் இன்னொருவர் நுழைந்து முகவரியைப் பார்ப்பார். செஷன் தொடங்கினால் பிஎச்பி ‘நோ-ஸ்டோர்’ தலைப்பைத் தானே அனுப்புகிறது. ஆனால் கிளவுட்ஃபிரண்ட் கொள்கையில் மினிமம் டிடிஎல் 0-க்கு மேல் இருந்தால் அந்தத் தலைப்பை மீறிக் கேச் செய்யும். மினிமம் டிடிஎல் 0 ஆகட்டும். லாக்இன், கூடை, கணக்குப் பாதைகளுக்கு ‘கேச்சிங் டிஸேபிள்ட்’ கொள்கையையே வையுங்கள்.

---

வடக்குவாசல்

மாற்றும் நாளுக்கான வரிசை. ஸ்டிக்கியை முதலில் அணைத்துவிடாதீர்கள். பாதி சர்வர் கோப்பிலும் பாதி ரெடிஸிலும் இருக்கும் அந்த இடைவேளையில் ஸ்டிக்கி இல்லாவிட்டால், ஆள் ஒரு பக்கத்தில் லாக்இன், அடுத்த பக்கத்தில் லாக்அவுட் என்று அலைவார். எல்லா சர்வரும் ரெடிஸுக்கு வந்த பின்புதான் அணைக்க வேண்டும். அணைத்ததும் புதிதாக ஏறும் சர்வர்களுக்கும் சுமை சமமாகப் போகும். ஸ்டிக்கி இருந்தவரை அவற்றுக்குப் புதிய ஆட்கள் மட்டுமே போய்க்கொண்டிருந்தார்கள்.

ஏறக்குறைய ஒருவரையும் லாக்அவுட் செய்யாமல் மாற்றவும் முடியும். கோப்பின் உள்ளடக்கமும் ரெடிஸில் நீட்சி வைப்பதும் ஒரே வரிவடிவம்தான். ஒவ்வொரு சர்வரிலும் எஃப்பிஎம்மை நிறுத்தி, கோப்புப் பெயரிலிருந்து ‘செஸ்_’ முன்னொட்டை நீக்கி, ‘பிஎச்பிரெடிஸ்_செஷன்:’ என்ற முன்னொட்டோடு, 14400 நொடி ஆயுளோடு செட்இஎக்ஸ் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். நீங்கள் வேறு முன்னொட்டு வைத்திருந்தால் அதைப் போடுங்கள். முடித்து எஃப்பிஎம்மை ரெடிஸ் அமைப்போடு எழுப்புங்கள். ஒரு சர்வருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் அந்த நேரத்தில் லோடு பேலன்சர் அந்த சர்வரின் ஆட்களை மற்றதற்குத் தள்ளும். அவர்களின் செஷன் அங்கே இருக்காது. ஆகவே விடியற்காலை 3 மணி போலச் செய்யுங்கள்.

செஷனுக்குள் ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள். ரெடிஸில் செஷன் டெப்ளாய்களைத் தாண்டி வாழும். கிளாஸ் பெயரை மாற்றிய புதிய கோடு பழைய செஷனைப் படித்தால் ‘இன்கம்ப்ளீட் கிளாஸ்’ என்று வந்து நிற்கும். எண், எழுத்து, அர்ரே மட்டும் வையுங்கள்.

கடைசியில் ரெடிஸ்-சிஎல்ஐயில் ஒரு செஷன் சாவியின் டிடிஎல்லைப் பாருங்கள், 14400-க்குள் குறைந்துகொண்டு வர வேண்டும், -1 வந்தால் காலாவதி விழவில்லை. சாவிகளைத் தேட ஸ்கேன் கட்டளை. கீஸ் கட்டளையை நடப்புச் சூழலில் அடிக்காதீர்கள், அது முடியும்வரை ரெடிஸ் வேறு யாருக்கும் பதில் சொல்லாது. எலாஸ்டிகேச்சின் ‘டெஸ்ட் ஃபெய்ல்ஓவர்’ பொத்தானைச் சோதனைச் சூழலில் அழுத்தி, அந்த இடைவெளியில் தளம் என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள். நகலெடுப்பு ஒத்திசைவற்றது என்பதால் கடைசிக் கணத்தில் எழுதிய ஒன்றிரண்டு செஷன் போகலாம். ஆனால் செஷன்_ஸ்டார்ட் தோற்றால் முகப்பும் பொருள் பக்கங்களும் லாக்இன் இல்லாமலாவது திறக்க வேண்டும், 500 பிழை வரக் கூடாது.

---

நிரல்குருவி

கேட்வே போஸ்ட்தான் செய்கிறது. லாக்இன் செய்து 5 நிமிடம் காத்திருந்து கட்டிப் பார்த்ததில் அப்படியே வந்தது. திரும்பும் பக்கத்தில் செஷனை எடுத்துவிட்டு 303 வைத்ததும் நின்றது. பூட்டை இயக்கியாயிற்று, ரீட்_அண்ட்_க்ளோஸ் எந்தெந்தப் பக்கத்துக்கு என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கூடையை டேபிளுக்கு மாற்றிய பிறகே ரெடிஸை நடப்புக்குக் கொண்டுபோகலாம் என்று முடிவு. அதுவரை ஸ்டிக்கி அப்படியே இருக்கும்.